படுப்பதற்கு எதிர் எது: விழிப்பதா, எழுவதா?

கேள்வி இதுதான்: ‘ஹிட் த ஹே’ என்றால் படுக்கப் போவது. அதற்கு எதிரான மரபுத்தொடர் ஆங்கிலத்தில் உண்டா, ‘ரைஸ் அண்ட் ஷைன்’ என்று எழுதினால் சரியா, தமிழில் அந்த இணைக்கு எதைச் சொல்வது?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘ஹிட் த ஹே’யை அப்படியே திருப்பிப் போட்ட தொடர் ஆங்கிலத்தில் இல்லை. மிக நெருங்கி வரும் இணை ‘டர்ன் இன்’, ‘டர்ன் அவுட்’. முன்னது படுக்கப் போவது, பின்னது படுக்கையை விட்டு எழுவது. ‘ரைஸ் அண்ட் ஷைன்’ பொருளளவில் எதிர்தான், ஆனால் அது ஏவல். வினையாக வைத்து வாக்கியம் அமைக்க வராது. பலரும் எழுதும் ‘வேக் அப்’ பொருளிலேயே பொருந்தாது. ஏன் பொருந்தாது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

தமிழில் யோசித்துப் பாருங்கள். ஓர் இரவில் நான்கு படிகள் இருக்கின்றன: படுக்கிறோம், தூங்குகிறோம், விழிக்கிறோம், எழுகிறோம். படுத்தவரெல்லாம் உடனே தூங்கிவிடுவதில்லை, விழித்தவரெல்லாம் உடனே எழுந்துவிடுவதில்லை. “அஞ்சு மணிக்கே முழிப்பு வந்துடுச்சு, ஆறரைக்குத்தான் எழுந்தேன்” என்பது சென்னையில் எந்த வீட்டிலும் கேட்கும் பேச்சு. ஆகவே முதல் படிக்கு எதிர் நான்காவது படி. இரண்டாவதற்கு எதிர் மூன்றாவது. படு – எழு. தூங்கு – விழி. ஆங்கிலத்திலும் இதே கணக்குத்தான்: ‘கோ டு பெட்’டுக்கு எதிர் ‘கெட் அப்’, ‘ஃபால் அஸ்லீப்’புக்கு எதிர் ‘வேக் அப்’.

‘ஹிட் த ஹே’ முதல் படியை மட்டும் சொல்கிறது. ‘ஹே’ என்பதை வைக்கோல் என்று மொழிபெயர்க்கிறார்கள். சரியாகச் சொன்னால் அது கால்நடைக்காக வெட்டிக் காயவைத்த புல். வைக்கோலுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரா’ என்று தனிச்சொல் உண்டு. அந்தக் காலத்து மெத்தைகளில் இவற்றைத்தான் திணித்தார்கள். ‘ஹிட் த சாக்’ என்பதில் வரும் ‘சாக்’, திணித்துத் தைத்த அந்த உறை. நாம் சொல்லும் சாக்கும் ஐரோப்பிய மொழி வழியாக வந்த அதே குடும்பத்துச் சொல். இரண்டு தொடரும் அமெரிக்கப் பேச்சுவழக்கில் பரவியவை. ‘ஹிட்’ என்றதும் அடிப்பதை நினைக்க வேண்டாம். போய்ச் சேர்வது என்று கொள்ளுங்கள். ‘ஹிட் த ரோட்’ என்றால் கிளம்புவது, ‘ஹிட் த புக்ஸ்’ என்றால் படிக்க உட்காருவது. அப்படியே ‘ஹிட் த ஹே’ என்றால் படுக்கையைப் போய் அடைவது. பத்து மணிக்கு ஹிட் த ஹே, இரண்டு மணி வரை தூக்கமில்லை என்று ஆங்கிலத்தில் தாராளமாகச் சொல்லலாம், முரண்பாடு இல்லை. தூக்கத்தைக் குறிக்காத சொல்லுக்கு விழிப்பு எப்படி எதிர்ப்பதம் ஆகும்? பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1735இல் தம் பஞ்சாங்கத்தில் அச்சிட்டுப் பரப்பிய ‘ஏர்லி டு பெட், ஏர்லி டு ரைஸ்’ என்ற பழைய பழமொழியிலும் படுக்கைக்கு இணையாக நிற்பது ‘ரைஸ்’தான், ‘வேக்’ அல்ல.

இப்போது ‘டர்ன் இன்’, ‘டர்ன் அவுட்’டுக்கு வருவோம். இரண்டும் கப்பல்காரர்கள் பேச்சில் ஊறியவை. ஒன்பதுக்கு ‘டர்ன் இன்’, நாலுக்கு ‘டர்ன் அவுட்’ என்று ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொன்னால் அழகாக நிற்கும். தனியாக ‘டர்ன் அவுட்’டை மட்டும் போட்டால் படிப்பவர் தடுமாறுவார். கூட்டம் திரண்டு வந்தது, கடைசியில் உண்மை இப்படித் தெரியவந்தது, விளக்கை அணைத்தார்கள் என்ற மூன்று பொருளிலும் அதே சொல் வரும். அதிலும் விளக்கை அணைப்பது படுக்கும் நேரத்து வேலை என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். ஆகவே நேரத்தையோ படுக்கையையோ பக்கத்திலேயே குறிப்பிட்டுவிட வேண்டும். இந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கும் இடம் தீயணைப்புத் துறை. அழைப்பு மணி அடித்ததும் வீரர்கள் கிளம்புவது ‘டர்ன் அவுட்’. அப்போது அணியும் கனமான பாதுகாப்பு உடைக்கு ‘டர்ன்அவுட் கியர்’ என்றே பெயர்.

வடிவத்தில் கண்ணாடி மாதிரி பொருந்தும் இன்னொரு தொடர் உண்டு: ‘ஹிட் த டெக்’. அதே ‘ஹிட்’. கப்பல் தளத்தில் காலை வைப்பது, அதாவது படுக்கையிலிருந்து இறங்குவது என்ற பொருளில் அமெரிக்கக் கடற்படையில் சொன்னார்கள். ‘ஹிட் த சாக்’ – ‘ஹிட் த டெக்’ என்று பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனாலும் இதை விடையாக எழுத வேண்டாம் என்பேன். இன்று பெரும்பாலானோர் இதைப் புரிந்துகொள்வது, குண்டுக்கோ வீசியெறிந்த பொருளுக்கோ தப்பத் தரையில் குப்புற விழுவது என்று. எழுவதைச் சொல்ல நினைத்து விழுவதைச் சொன்னதாகிவிடும். ‘ஹிட் த கிரவுண்ட் ரன்னிங்’கும் அப்படித்தான் ஏமாற்றும். அது ஒரு வேலையைத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே முழு வேகத்தில் இறங்குவது; படுக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பிரிட்டிஷ் கடற்படையில் காலையில் எழுப்பும் குரல் ‘ஷோ எ லெக்’, காலை வெளியே நீட்டு என்பது. அதோடு சேர்ந்து வரும் கட்டளை ‘லேஷ் அப் அண்ட் ஸ்டோ’: படுத்திருந்த தொங்கு படுக்கையைச் சுருட்டு, கயிற்றால் கட்டு, அதற்கான இடத்தில் வை. பாயைச் சுருட்டி மூலையில் வை என்று நம் வீடுகளில் சொல்வது இதுவேதான்.

பெயர்ச்சொல்லாக இணை வேண்டுமென்றால் படைமுகாம் தருகிறது. காலையில் எழுப்பும் பியூகிள் ‘ரெவெலி’, இரவில் படுக்கச் சொல்வது ‘லைட்ஸ் அவுட்’. பிரிட்டிஷ் உச்சரிப்பில் ‘ரெவெலி’யை ‘ரிவாலி’ என்பார்கள். என்சிசி முகாமுக்குப் போய்வந்த பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் தெரிந்திருக்கும்.

‘ரைஸ் அண்ட் ஷைன்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேர்வில் பெரும்பாலானோர் கை வைப்பது இதில்தான். ஏசாயா 60ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் தமிழ் வேதாகமத்தில் ‘எழும்பிப் பிரகாசி’ என்று தொடங்கும். 1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அது ‘அரைஸ், ஷைன்’. ஆங்கிலத் தொடரின் சாயல் அங்கே இருக்கிறது. தேவாலயத்தின் கம்பீரம் போய், விடுதியிலும் முகாமிலும் தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பும் உற்சாகக் குரலாக அது மாறிவிட்டது. குறை எங்கே என்றால், ஏவலைத் தாண்டி நகராது. அவன் ஆறு மணிக்கு ‘ரோஸ் அண்ட் ஷோன்’ என்று இறந்தகாலத்தில் எழுதினால் விளையாட்டாக மட்டுமே எடுத்துக்கொள்வார்கள். தொனியும் முக்கியம். பிள்ளைகளிடம், தம்பி தங்கையிடம், அறைத்தோழரிடம் சொல்லலாம். மேலதிகாரிக்கு வாட்ஸாப்பில் அனுப்பினால், இன்னும் தூங்குகிறீர்களா என்று கேட்டதுபோல் ஆகும்.

வினையைவிட நிலையைச் சொல்ல வேண்டிய இடத்தில் மிக நல்ல தொடர் ‘அப் அண்ட் அபவுட்’. இதற்குத் தமிழ் ஈடு தேட வேண்டியதே இல்லை: “எழுந்து நடமாட்டமா இருக்கார்”. இரண்டு மொழியிலும் இது நோய்க்கும் பொருந்தும் என்பதைக் கவனியுங்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர் தேறிவிட்டார் என்றால் தமிழிலும் நடமாட்டம்தான், ஆங்கிலத்திலும் ‘அப் அண்ட் அபவுட்’தான். சீக்கிரம் எழுவதை அழுத்திச் சொல்ல ‘அப் வித் த லார்க்’ இருக்கிறது. வானம்பாடியோடு எழுவது அவர்களுக்கு. நமக்குக் கோழி கூப்பிட எழுவது.

இதுவரை பார்த்தது படுத்ததைத் திருப்புவது. எதிர்ப்பதத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு: படுக்கவே போகாமல் இருப்பது. ‘உள்ளே போ’ என்பதற்கு ‘வெளியே வா’வும் எதிர், ‘போகாதே’யும் எதிர் என்பது போல. கேட்பவருக்கு எது வேண்டும் என்று தெரியாமல் விடை சொன்னால் பாதி விடைதான்.

படுக்காமல் இருப்பதற்குப் பொதுச்சொல் ‘ஸ்டே அப்’. நோயாளியோடு உட்கார்ந்து விழித்திருந்தால் ‘சிட் அப் வித்’. வெளியே போனவர் திரும்பும்வரை காத்திருந்தால் ‘வெய்ட் அப்’. “எனக்காக முழிச்சிட்டு இருக்காதீங்கம்மா, சாவி எங்கிட்ட இருக்கு” என்பதற்குச் சரியான ஆங்கிலம் ‘டோன்ட் வெய்ட் அப் ஃபார் மீ’. வேலைக்காகவோ படிப்புக்காகவோ இரவு நெடுநேரம் உட்காருவது ‘பர்ன் த மிட்நைட் ஆயில்’. எண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில், 17ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் வந்துவிட்ட தொடர் இது. விடியும்வரை கண்மூடாமல் உட்கார்ந்தால் ‘புல் அன் ஆல்நைட்டர்’. இந்த இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறது: முன்னதில் இரண்டு மணிக்குப் படுத்துவிடலாம், பின்னதில் படுக்கையே கிடையாது.

தமிழர்கள் வழுக்குவது சரியாக இந்த இடத்தில். நம் ‘முழி’ ஒரே சொல், ஆனால் இரண்டு எதிர்ப்பதங்களையும் அதுவே சுமக்கிறது. “காலையில ஆறு மணிக்கு முழிச்சேன்” என்றால் தூக்கம் கலைந்தது. “ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சேன்” என்றால் தூங்கவே இல்லை. இரண்டாவதை அப்படியே ஆங்கிலத்தில் கொட்டும்போது ‘ஐ வோக் அப் டில் டூ’ என்று வருகிறது. ஆங்கிலத்தில் அதற்குப் பொருளே இல்லை. ‘ஐ ஸ்டேட் அப் டில் டூ’ என்றுதான் சொல்ல வேண்டும். பரீட்சை நேரத்தில் பெற்றோர் சொல்லும் ‘டோன்ட் வேக் அப் லேட்’ இன்னும் மோசமாகத் திரும்பும். நெடுநேரம் விழித்திருக்காதே என்று நினைத்துச் சொல்கிறார்கள். கேட்பவருக்குக் காலையில் தாமதமாக எழாதே என்று விழும். தமிழில் ‘முழிச்சேன்’ என்று வாயில் வந்தால், பின்னால் ‘வரைக்கும்’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ‘ஸ்டே அப்’. இல்லாமல் ‘மணிக்கு’ என்று வந்தால் ‘வேக் அப்’. ‘ராத்திரி பூரா’ என்று வந்தாலும் ‘ஸ்டே அப்’ பக்கம்தான்.

இதே ரகத்தில் ‘ஐ ஸ்லெப்ட் லேட்’. தாமதமாகப் படுத்தேன் என்று நாம் சொல்கிறோம். நெடுநேரம் தூங்கினேன் என்று அவர்கள் புரிந்துகொள்ளக்கூடும். ‘ஐ வென்ட் டு பெட் லேட்’ என்றால் சிக்கல் இல்லை. ‘ஸ்லீப் இன்’ பார்ப்பதற்கு ‘டர்ன் இன்’னின் உறவு போல் தெரியும். அது படுக்கப் போவதே அல்ல. விடுமுறை நாளில் வேண்டுமென்றே கூடுதலாகத் தூங்குவது. அலாரம் காதில் விழாமல் தூங்கிப்போனால் ‘ஓவர்ஸ்லீப்’. அலுவலகத்துக்குத் தாமதமாக வந்ததற்குக் காரணம் சொல்லும்போது முன்னதைச் சொன்னால் திமிராகத் தெரியும், பின்னதைச் சொன்னால் மன்னிப்புக் கேட்பதாகத் தெரியும்.

தமிழில் தூக்கமில்லாத இரவுக்கு ஆங்கிலத்துக்கு இணையான, சொல்லப்போனால் அதைவிட நிறைவான தொடர் இருக்கிறது: “நேத்து எனக்கு சிவராத்திரிதான்”. கரண்ட் போய்விட்டது, கொசு, கைக்குழந்தை அழுதது, பக்கத்துத் தெருவில் விடிய விடிய மைக் செட், எதுவானாலும் சிவராத்திரி. இதை ‘ஆல்நைட்டர்’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். ஆல்நைட்டர் நாமாக விரும்பி உட்காருவது. இந்தச் சிவராத்திரி நம்மேல் விழுந்தது. ‘டிட்ன்ட் ஸ்லீப் எ விங்க்’ என்பதுதான் இதற்கு ஈடு, தமிழில் “பொட்டுத் தூக்கம் இல்லை”. உண்மையான மகா சிவராத்திரிக்குக் கோயிலில் கண் விழிப்பவரும், வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடி விழித்திருப்பவரும் வேறு. அவர்கள் விழிப்பு விரதம்.

இனி ‘ஹிட் த ஹே’க்கே தமிழில் என்ன? உடல் அலுப்போடு சொல்லும்போது “கட்டையைச் சாய்க்கிறேன்” என்பதைவிடப் பொருத்தமாக ஒன்றும் தோன்றவில்லை. கட்டை என்பது உடம்பு. ஆங்கிலத் தொடரில் இருக்கும் அதே நாட்டுப்புறத்தனம், அதே அலுப்பு, தூங்குவேனா மாட்டேனா என்று சொல்லாத அதே தன்மை எல்லாம் இதில் இருக்கிறது. மென்மையாகச் சொன்னால் “கொஞ்சம் தலையைச் சாய்க்கிறேன்”. சென்னைப் பேச்சில் “மட்டை ஆயிட்டான்” என்பது பெரும்பாலும் குடித்துச் சாய்ந்ததைக் குறிக்கும், இங்கே வைக்க வேண்டாம். ‘கண்ணை மூடினார்’ அதைவிட ஆபத்து, இறந்துவிட்டார் என்று ஆகிவிடும். இது புதிய பழக்கமும் அல்ல. பழந்தமிழில் ‘துஞ்சு’ என்றால் தூங்குவதும் சாவதும். சோழ அரசன் ஒருவனைக் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்கிறார்கள்; அவன் குளமுற்றம் என்ற இடத்தில் இறந்தான் என்று பொருள்.

கட்டையைச் சாய்ப்பதற்கு எதிராகக் கட்டையை நிமிர்த்துவது என்று யாரும் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் ‘ஹே’க்கு நேர்ந்த அதே கதி. ஆனால் வேறு திசையிலிருந்து ஒரு தொடர் வந்து அந்த இடத்தை நிரப்புகிறது: “வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தான்”. துணியையும் போர்வையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு திடுதிப்பென்று எழுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆங்கிலத்தில் இதற்கு ‘லீப் அவுட் ஆஃப் பெட்’. பயந்து எழுந்தால் “அலறிப் புடைத்துக்கொண்டு”. அரைத்தூக்கத்தோடு சோம்பலாக இறங்கினால் ஆங்கிலத்தில் ‘ரோல் அவுட் ஆஃப் பெட்’. தமிழில் சோம்பல் முறித்து எழுவது. வேகத்தைப் பொறுத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆங்கிலத்தில் கிடைக்காத முழுமையான இணை தமிழில் ஒன்று உண்டு: பள்ளிகொள்ளுதல், பள்ளியெழுதல். ஒரே பெயர்ச்சொல், இரு முனையிலும் எதிரெதிர் வினை. இரவில் மயிலாப்பூர் கபாலீசுவரரைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்வதும், மார்கழி விடியலில் கோயில்களில் திருப்பள்ளியெழுச்சி பாடுவதும் அந்த இணையின் இரண்டு பக்கங்கள். தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனுக்கும், மாணிக்கவாசகர் சிவனுக்கும், பாரதியார் பாரத மாதாவுக்கும் பள்ளியெழுச்சி பாடினார்கள். படுத்திருக்கும் அரசனைச் சூதர் என்ற புகழ்பாடுவோர் பாடி எழுப்புவதைத் தொல்காப்பியம் ‘துயிலெடை நிலை’ என்று ஒரு துறையாகவே வகுத்திருக்கிறது. எழுப்புவதற்கென்று ஓர் இலக்கிய வகையே வைத்திருக்கும் மொழியில் இருந்துகொண்டு, ‘ரைஸ் அண்ட் ஷைன்’ஐ வெறும் ‘எழுந்திரு’ என்று பெயர்ப்பது எனக்கு ஏற்பில்லை. ஆனால் வீட்டுப் பிள்ளையிடம் பள்ளியெழுச்சி என்று பேசவும் முடியாது. அந்த இணை கடவுளுக்கும் அரசருக்கும் உரியது. நம் பிள்ளைக்கு “விடிஞ்சிடுச்சு, எந்திரி கண்ணு” போதும்.

தூங்கு – விழி இணைக்குச் சான்று திருக்குறளின் 339ஆம் குறள்: ‘உறங்குவது போலுஞ் சாக்காடு உறங்கி விழிப்பது போலும் பிறப்பு’. இங்கே படுக்கை என்ற பேச்சே இல்லை, ஆகவே எதிராக வருவதும் எழுவது அல்ல, விழிப்பது. படி மாறவில்லை.

எந்த மரபுத்தொடருக்கும் எதிர் தேடும்போது இந்த வரிசையில் போங்கள். தொடரை நீக்கிவிட்டு அதே வாக்கியத்தில் சாதாரண வினையைப் போடுங்கள்; இங்கே ‘படுக்கப் போனேன்’. அந்த வினைக்குத் திருப்பும் எதிர், மறுக்கும் எதிர் இரண்டையும் எழுதுங்கள்; எழுந்தேன், படுக்காமல் இருந்தேன். பிறகு இரண்டுக்கும் தனித்தனியே தொடர் தேடுங்கள். கிடைத்ததை மூன்று காலத்திலும், ‘நான்’, ‘அவர்’ இரண்டிலும் வைத்துப் பாருங்கள். ஏவலில் மட்டும் நிற்கிறது என்றால் அது இணை ஆகாது. கடைசியாக, யார் யாரிடம் சொல்லலாம் என்று பாருங்கள். ‘ஹிட் த ஹே’ நண்பரிடம் சொல்வது. அதற்கு எதிராக ‘ரிட்டயர்’ போன்ற சபைச்சொல்லுக்கு ஜோடியான ‘ரைஸ்’ஐ வைத்தால் பொருள் சரி, மணம் சேராது. பேச்சில் ‘ரோல் அவுட் ஆஃப் பெட்’ அதற்குப் பக்கத்தில் நன்றாக உட்காரும்.

நேரத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஓஎம்ஆரில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் காலை எட்டு மணிக்கு வீடு வருபவர் அப்போதுதான் ‘ஹிட் த ஹே’. ‘அப் வித் த லார்க்’, ‘மிட்நைட் ஆயில்’ இரண்டும் கடிகாரத்தோடு கட்டுண்டவை. ‘டர்ன் இன்’, ‘டர்ன் அவுட்’, ‘ஹிட் த ஹே’ அப்படி அல்ல.

பிறரை எழுப்புவதற்கு வரும்போது ஒரு எச்சரிக்கை. பிரிட்டனில் தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில், நீண்ட கம்பால் ஜன்னலைத் தட்டித் தொழிலாளிகளை எழுப்புவதையே கூலி வேலையாகச் செய்தவர்கள் உண்டு. ‘நாக்கர்-அப்’ என்று பெயர். அதனால் ‘நாக் அப்’ என்றால் அங்கே கதவைத் தட்டி எழுப்புவது. அமெரிக்காவில் அதே சொல்லுக்குப் பெண்ணைக் கர்ப்பமாக்குவது என்று பொருள். பழைய பாடப்புத்தகத்திலோ அகராதியிலோ பார்த்து அமெரிக்கக் கிளையன்ட்டிடம் ஆறு மணிக்கு ‘நாக் அப்’ செய்கிறேன் என்று சொல்லிவிடக் கூடாது. ‘வேக் யூ அப்’ என்று சொன்னால் எங்கும் பிழையில்லை. ஹோட்டல் வரவேற்பில் ‘வேக்-அப் கால்’ கேட்டால் சொன்ன நேரத்துக்குப் போன் மணி அடிக்கும். அதே தொடரைச் செய்தித் தலைப்பில் கண்டால் அபாய எச்சரிக்கை என்று படித்துக்கொள்ளுங்கள்.